புதன்கிழமை விதானையார்

நகரசபைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மூலையில் இருந்த அறையின் கதவில் அவருடைய பெயரை ஒட்டியது நான்தான். பெயருக்குக் கீழே ஜெர்மன் மொழியில், தமிழ்ச் சமூகத்தின் நம்பிக்கைக்குரியவர், புதன்கிழமை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்று அச்சாகியிருந்தது. தமிழிலும் ஒரு வரி வேண்டுமென்று மேலதிகாரி கேட்டதால் அதையும் நானே தட்டச்சு செய்தேன். தாள் கோணலாக இருக்கிறது என்று மேலதிகாரியே சொல்ல, உரித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பெயரால் அவரை அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் விதானையார்.

ஜெர்மனியில், பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத் தொலைவில் இருக்கிறது எங்கள் நகரம். சமையலறை அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலைகளை நம்பி வாழ்கிற இடம். எண்பதுகளில் அகதிகளாக வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல இங்கேயே தங்கிவிட்டன. நான் ஒன்பது வயதில் வந்தேன். படித்து, நகரசபையின் சமூகநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழர் யாராவது வந்தால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான் விழும்.

விதானை என்பது அவருடைய தகப்பனின் பதவி. வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்கு ஒரு விதானை இருந்தார். களவு போனால் மேலிடத்துக்கு அறிவிப்பது, வேலிச் சண்டையை விலக்குவது, தேடப்படுகிற ஆளைப் பிடித்துக் கொடுப்பது, யார் நல்லவன் யார் கெட்டவன் என்று அரசாங்கத்துக்குச் சொல்வது எல்லாம் அவர்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பதவியை எடுத்துவிட்டு, சோதனை எழுதித் தேறிய கிராமசேவகர்களை அனுப்பினார்கள். பதவி போய்விட்டது. பெயர் மட்டும் அந்த வீட்டில் தங்கிவிட்டது. மகன் அந்தப் பெயரோடு ஜெர்மனிக்கு வந்து தொழிற்சாலையில் பலகை அறுத்தார்.

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லி இதைத் தொடங்க எனக்கு ஏலாது. என் தகப்பனின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, வேலைக்கு லீவு போட்டு அவரை வழக்கறிஞரிடம் கூட்டிப்போனவர் விதானையார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. பனிக்காலத்தில், சூடேற்றாத அலுவலக நடையில், கையில் எங்கள் கடதாசிகளோடு நாள் முழுக்கக் காத்திருந்தார். "அந்த மனிசன் இல்லாட்டில் நாங்கள் இஞ்ச இல்லை" என்று அப்பா சாகும்வரை சொன்னார். இப்படிச் சொல்லக்கூடிய வீடுகள் எங்கள் நகரத்தில் எத்தனையோ இருந்தன. அவருடைய பலமே அதுதான். தனக்கு நன்றிக்கடன் படாத ஒரு வீட்டைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

ஐந்தாறு வருடங்களுக்கு முன் எங்கள் பிரிவுக்குப் புதிய மேலதிகாரி வந்தார். உயரமான, சிரித்த முகமுள்ள ஜெர்மன்காரி. இளமையில் ஓர் ஆபிரிக்க நாட்டில் வளர்ச்சித் திட்டமொன்றில் வேலை செய்தவர். அங்கே பரம்பரைத் தலைவர்களுக்கென்று அரசாங்கமே ஒரு சபை வைத்திருந்ததாம். அமைச்சர் வந்து கிணறு தோண்டச் சொன்னால் யாரும் அசையமாட்டார்களாம், தலைவர் ஒரு சொல் சொன்னால் அடுத்த நாளே மண்வெட்டி எடுப்பார்களாம்.

"நாங்கள் இங்கே பிரசுரம் அடித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். யாரும் படிப்பதில்லை" என்று என்னிடம் சொன்னார். "உங்கள் மக்களுக்கு அப்படி ஒரு தலைவர் இல்லையா?"

நான் யோசிக்காமல் சொன்னேன். "இருக்கிறார்."

அந்த ஒரு சொல்லைப் பற்றி பிறகு நிறைய யோசித்தேன். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படித்தான் விதானையாருக்கு அந்த மூலை அறை கிடைத்தது. முதல் மாதங்கள் நன்றாகப் போயின. வேட்டி கட்டாமல், சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு, சரியாக எட்டு ஐம்பதுக்கு வருவார். பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்கள் வரத் தொடங்கினார்கள். டெர்மின் என்று நாங்கள் கொடுக்கிற சந்திப்புகளுக்கு ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள். தனியாக இருந்த ஒரு முதியவர் வருடக்கணக்காக வைத்தியரிடம் போகாமல் இருந்தார். விதானையார் ஒரு வார்த்தை சொன்னார், அவர் போனார். மேலதிகாரி ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொன்னார். பக்கத்து நகரங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன.

என் மேசைக்கு வருகிறவர்கள் கதிரையில் உட்காருமுன்னே மன்னிப்புக் கேட்கிற குரலில், "விதானையாருக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார்கள். நான் கேட்காத கேள்விக்கு அது பதில். ஒரு தாய், மகளுக்கு வேறு நகரத்தில் தொழிற்பயிற்சி கிடைத்ததற்கான அன்றாக்கை, உதவி விண்ணப்பத்தை, நிரப்ப வந்தவர், பாதியில் பேனாவை வைத்துவிட்டார். "அவர் வேண்டாம் எண்டால் விட்டிடுவம்" என்றார். யாரும் அந்தத் தாயை மிரட்டியதாக எனக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை, கீழ்ப் படிக்கட்டடியில் ஒருவர் என்னை மறித்தார். ஐம்பது வயதிருக்கும். பேருந்து ஓட்டுகிறவர். கையில் வீட்டு வாடகை உதவிக்கான படிவம்.

"தங்கச்சி, இதை இஞ்ச வைச்சு நிரப்பித் தாறீங்களோ?"

"மேல வாங்கோ அண்ணை. இருந்து எழுதலாம்."

"இல்லை, மேல அவர் இருக்கிறார்."

"அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோசம் இல்லை. "அவர் ஒண்டும் சொல்லமாட்டார் எண்டு எனக்கும் தெரியும். அவற்ற தேப்பன்ர வளவுக்குள்ள என்ர அப்பு செருப்புப் போட்டுக்கொண்டு போகேல்லை. நான் இந்த நாட்டில அந்த மாதிரி ஒரு வாசலை மிதிக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான். இப்ப அந்த வாசலை நகரசபைக்குள்ளயே கொண்டுவந்து வைச்சிருக்கிறீங்கள்."

படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். இதை மேலதிகாரியிடம் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். சாதி என்ற சொல்லை ஜெர்மன் மொழியில் எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று தெரியவில்லை. சோம்பலும் வெட்கமும் கலந்த ஒன்று என்னைத் தடுத்தது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். ஊரிலிருந்து கலியாணம் செய்து வந்து மூன்று வருடம். இருபத்தாறு வயது. ஜெர்மன் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். உதவி கேட்டு வரவேற்பு மேசைக்கு வந்திருக்கிறாள். அன்று புதன்கிழமை. தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் வரவேற்பில் இருந்தவர் அவளை நேரே மூலை அறைக்கு அனுப்பிவிட்டார். நல்ல எண்ணத்தோடுதான்.

நான் கூப்பிடப்பட்டு உள்ளே போனபோது அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. வெயில் காலம்.

"புருசன் கை வைக்கிறானாம்" என்றார் விதானையார், என்னைப் பார்த்து. அவள் சொல்ல வேண்டியதை அவரே சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார். குரல் மென்மையாக இருந்தது. "பிள்ளை, நான் அவனைக் கூப்பிட்டுக் கதைக்கிறன். கோயிலில கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ண வைக்கிறன். பொலிஸ், கோடு, வழக்கு எண்டு போனால் குடும்பம் பிறகு குடும்பமா இராது. உங்கட விசாவும் அவனோடதானே இருக்குது. விளங்குதோ?"

"நான் பொலிசுக்குப் போக வரேல்லை ஐயா. இஞ்ச ஒரு இடம் இருக்குதாம் எண்டு ரீச்சர் சொன்னவ. பொம்பிளையள் தங்கிற இடம்."

"அதெல்லாம் அவையளுக்கு. எங்களுக்கு நாங்கள் இருக்கிறம்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவளுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் எதிரில் இருந்தவர் என் தகப்பனின் கடதாசிகளோடு குளிரில் நின்றவர்.

கதவு திறந்து மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "எல்லாம் நல்லபடியாகப் போகிறதா?"

விதானையார் என்னிடம் சொன்னார். "பிரச்சினை தீர்ந்துது எண்டு சொல்லுங்கோ பிள்ளை."

நான் அப்படியே ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

படியிறங்கும்போது அவள் என் பின்னால் வந்தாள். "அக்கா, அந்த மனிசிக்கு என்ன சொன்னனீங்கள்? பிரச்சினை தீர்ந்துது எண்டோ? எனக்கும் கொஞ்சம் விளங்கும் அக்கா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, என் மேசைக்கு நேரே வந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. சால்வை இல்லை. மறைக்க அவள் முயலவில்லை. கற்பூரம் கொளுத்தியாயிற்று, சத்தியமும் பண்ணியாயிற்று என்றாள். சத்தியம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து, ஊரறிய என்னைத் தலைகுனிய வைத்தாய் என்று அவன் தொடங்கினானாம்.

அன்று நான் யாரையும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பெண்கள் பாதுகாப்பு இல்லங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேறொரு நகரத்தில் இடம் கிடைத்தது. அங்கே முகவரியை யாருக்கும் சொல்லமாட்டார்கள். உள்ளே இருக்கிற பெண்களும் சொல்லக்கூடாது. ரயில் நிலையம்வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். அவளிடம் ஒரு கைப்பையும் வகுப்புப் புத்தகமும் மட்டும்தான் இருந்தன.

புதன்கிழமை விதானையார் வழமையான நேரத்துக்கு வந்தார். கோட்டைக் கொளுவியில் மாட்டினார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார்.

"பிள்ளை எங்க?"

"எந்தப் பிள்ளை ஐயா?"

"உங்கட வேலையை நான் குறை சொல்லேல்லை" என்றார். "பாவம், பயந்திட்டாள். அவனும் சாப்பிடாமல் கிடக்கிறான். எந்த ஊர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வீட்டு நம்பர் எனக்கு வேண்டாம்."

"எனக்குச் சொல்ல ஏலாது ஐயா. சட்டம்."

"சட்டம்" என்று அவர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னார். எங்கோ கேட்டிருந்து நீண்டநாள் மறந்துபோன ஒன்றைச் சொல்வது போல. "உங்கட அப்பாவைத் திருப்பி அனுப்பச் சொன்னதும் சட்டம்தான் பிள்ளை."

அதன்பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. வந்தவர்களோடு வழக்கம்போலக் கதைத்தார், சிரித்தார், நேரம் முடிந்ததும் போனார். அடுத்த நாள் மேலதிகாரி என்னை அழைத்து, விதானையார் அந்தப் பெண்ணைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறார், அவரிடமாவது சொல்லலாமே, அவர் எங்கள் ஆள்தானே என்றார். நான் முடியாது என்றேன். மேலதிகாரியின் முகத்தில் முதல்முறையாக ஓர் எரிச்சலைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியப் பூசைக்கு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் கோயில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடம். நாங்கள் போய் இருந்ததும், பக்கத்தில் இருந்த மூன்று பெண்கள் எழுந்தார்கள். கோபமாக எழவில்லை. பேருந்தில் இறங்கும் இடம் வந்ததுபோல எழுந்து அந்தப் பக்கம் போய் இருந்தார்கள். அன்னதானத்தில் சாதம் போட்டவர் என் இலைக்கு முன் வந்து, வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். அம்மா தன் இலையிலிருந்து பாதியை எடுத்து என் இலையில் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. "சாப்பிடு" என்றார்.

வீட்டுத் தொலைபேசி பகலில் அடிக்கத் தொடங்கியது. எடுத்தால் பேச்சு வராது. பின்னணியில் ஒரு தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அம்மா ஒருநாள் ரிசீவரைக் காதில் வைத்து, "ஆரெண்டாலும் எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஒரு மாதம் கழித்து பாதுகாப்பு இல்லத்திலிருந்து அழைத்தார்கள். அந்தப் பெண் போகிற புதிய ஜெர்மன் வகுப்புக்கு முன்னால் ஒரு கார் நின்றதாம். அதில் கணவனும் இன்னும் இரண்டு ஆண்களும். கார் காலையிலிருந்து அங்கேயே நிற்பதை வகுப்பு ஆசிரியை கவனித்திருக்கிறார். பொலிசை அழைத்து, அவளைப் பின்வாசலால் வெளியேற்றியிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலையே அவளை இன்னும் தூரத்துக்கு, வேறு மாநிலத்துக்கு, அனுப்ப வேண்டியதாயிற்று.

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்கள். "எங்கள் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர். உங்கள் பக்கத்தில்?"

"நான் மட்டும்தான்" என்றேன். சொல்லும்போதே மேசையைப் பார்த்தேன். என் மேசையில் தடித்த அட்டை போட்ட ஒரு நாட்குறிப்பு இருந்தது. அந்தப் பெண்ணின் வகுப்புப் பதிவுக்காக நகரத்தின் பெயரையும் வகுப்பு நடக்கும் தெருவையும் பென்சிலால் அதில் எழுதியிருந்தேன். புதன்கிழமைகளில் அதையும் எடுத்துக்கொண்டுதான் மூலை அறைக்குப் போவேன். பிரதி எடுக்க எழுந்து போகும்போது அங்கேயே வைத்துவிட்டுப் போவேன்.

அடுத்த புதன்கிழமை, ஆட்கள் வருமுன், கதவைச் சாத்திவிட்டு அவரிடம் கேட்டேன்.

"ஐயா, என்ர கொப்பியைத் திறந்து பாத்தனீங்களோ?"

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓம், பாத்தனான்" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் களவெடுக்கேல்லை பிள்ளை. மேசையில கிடந்தது. எழுதி வைச்சது நீங்கள்."

"அவளை அண்டைக்குப் பிடிச்சிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு தெரியுமோ?"

"வீட்டுக்கு வந்திருப்பாள். என்ர அப்பு எத்தினை பிள்ளையளை அப்பிடித் திருப்பிக் கொண்டுவந்து சேத்தவர் தெரியுமோ? கவர்ண்மேந்து அவருக்கு மெடல் குடுத்தது."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் கள்ளம் இல்லை. தான் சரியானதைச் செய்ததாகவே நம்பினார். அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்த வீடுகளில் பிறகு என்ன நடந்தது என்று அவருடைய தகப்பனிடமும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அன்றே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். என் நாட்குறிப்பை, என் கவனக்குறைவை, பிரச்சினை தீர்ந்தது என்று நான் மொழிபெயர்த்த வாக்கியத்தை. படித்துவிட்டு மேலதிகாரி தாள்களை மடித்து மேசையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஆபிரிக்காவில் அந்தத் தலைவர் நல்லவர்" என்றார். "அங்கேயும் பெண்களிடம் நான் கேட்டதில்லை."

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அது நியாயம்தான். கணவன் அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. விதானையார் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. அந்த அறையில் நான் கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் மூன்றாவது சாட்சி இல்லை. புதன்கிழமைச் சந்திப்புகள் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன என்று அறிவித்தார்கள். காரணம் போடவில்லை. அவருக்கு ஒரு பூச்செண்டும் நன்றிக் கடிதமும் கொடுத்தார்கள். அந்தப் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் அவருடைய வீட்டுக்குப் போனார்கள். அங்கே புதன்கிழமை என்ற கணக்கும் இல்லை, பன்னிரண்டு மணிக்கு முடிகிற நேரமும் இல்லை.

அந்தப் பெண் எந்த நகரத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

மேலதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். போன வருடம் அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வந்தார். இளம் வயது, சுறுசுறுப்பானவர். இந்த வசந்தத்தில் ஒரு செத்தவீட்டில் விதானையாரைக் கண்டேன். முன்வரிசையில் இருந்தார். மெலிந்திருந்தார். கையசைத்து என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். மண்டபத்தில் கதை நின்றுபோனது.

"உங்கட நகரசபையில இருந்து கடிதம் வந்திருக்குது பிள்ளை. திருப்பியும் வரச்சொல்லி. மொழிபெயர்க்க நீங்கள் வருவீங்கள்தானே?"

"ஏலாது ஐயா."

அந்த இரண்டு சொல்லை நான் உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் பின்வரிசைவரை கேட்டிருக்க வேண்டும். அவர் தலையை ஆட்டினார். "பரவாயில்லை. வேற பிள்ளையள் இருக்குதுகள்."

அடுத்த நாள் காலை அந்தப் புதிய அதிகாரியின் அறைக்குப் போனேன். பழைய கோப்பு எங்கே இருக்கிறது என்று சொன்னேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். பேருந்து ஓட்டுகிறவர் படிக்கட்டில் சொன்னதையும் சொன்னேன். இந்த முறை சாதி என்ற சொல்லை விளக்க அரை மணித்தியாலம் எடுத்துக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குறிப்பு எடுத்தார். இரண்டு இடங்களில் அடிக்கோடும் போட்டார்.

"அப்படியானால் நாங்கள் யாரிடம்தான் கேட்பது?" என்றார்.

"ஒவ்வொருவரிடமும்."

அவர் தன் பிரிவின் வேலை அட்டவணையைத் திருப்பிப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

"அதற்கு எங்களிடம் ஆட்கள் போதாதே."